பதினோராம் ரூமில் நாலு கட்டம்

பெங்களூரு
10.2.25

அன்புள்ள மதினிக்கு,

நான் சுகம். இருமல் விட்டுவிட்டது. அண்ணனும் பிள்ளைகளும் நீங்களும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

கையில் போனை வைத்துக்கொண்டு காகிதத்தில் எழுதச் சொல்கிறாளே என்று சிரிப்பீர்கள். உங்கள் பட்டாசுக் கம்பெனி வாசலில் நாங்கள் மாட்டியிருக்கும் தொடுதிரையை நீங்களெல்லாம் எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். போனில் கேட்டால் "நல்லாத்தான் இருக்கு மீனா" என்று வைத்துவிடுவீர்கள். எழுத உட்கார்ந்தால்தான் நடந்ததெல்லாம் வரும். திரையை வரைவது என் வேலையில் பாதிதான். வரைந்ததைத் தொடும்போது யாருக்கு எங்கே விரல் தயங்குகிறது என்று பார்ப்பது மீதிப் பாதி.

பெண்களுக்கெல்லாம் நீங்கள்தான் கண்காணி. அதனால் உங்களைக் கேட்கிறேன். நீங்கள் என் மதினி என்பதை முதலாளி மகேஷ்குமாரிடம் சொல்லிவிட்டேன், அவருக்கு ஆட்சேபம் இல்லை. எது நடந்தாலும் நடந்தபடி எழுதுங்கள். எனக்கு வருத்தமாக இருக்குமே என்று எதையும் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அழகுமீனா


தாயில்பட்டி
22.2.25

பிரியமுள்ள மீனாவுக்கு,

மதினி வீரலட்சுமி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணனுக்கு முழங்கால் வலி, அதையும் சுகத்தில் சேர்த்துக்கொள். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

ப்ளஸ் டூ பரீட்சைக்குப் பிறகு இப்போதுதான் ஒரு பக்கத்துக்கு மேல் எழுதுகிறேன். நீ கேட்டதால் வந்த வினை.

உன் திரை காலையில் நன்றாக இருக்கிறது. ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்து, பேரைக் காட்டி, எந்த ரூம் என்று கேட்கிறது. சாயங்காலம்தான் கூத்து. மருந்து ரூமிலிருந்து வருகிறவர்கள் முகமெல்லாம் அலுமினியப் பொடி அப்பி வெள்ளியாக வருகிறார்கள். திரை ஒருத்தியையும் தெரியாது என்கிறது. பாலம்மாள் மகள் பொன்னுத்தங்கம் அதன் முன்னால் நின்று, "ஏட்டி, காலைல பாத்த ஆளுதான் நான், அதுக்குள்ள மறந்துட்டியா" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்ததில் வேன் பத்து நிமிடம் தாமதம். அவளை உனக்குத் தெரியும். புருசன் விட்டுவிட்டுப் போனபின் அம்மா வீட்டில் இருக்கிறாள்.

முகத்தைக் கழுவிவிட்டு வந்தால் தெரியும் என்று நீ சொல்வாய். வேன் கிளம்பும் நேரத்தில் ஒரு குழாயில் அறுபது பேர் முகம் கழுவ முடியாது.

உடம்பைக் கவனி.

வீரலட்சுமி


பெங்களூரு
19.3.25

அன்புள்ள மதினிக்கு,

போன வாரம் வந்தபோது நீங்கள் கொடுத்துவிட்ட சீவல் இன்னும் இருக்கிறது. அண்ணன் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாரா?

திரை முகம் பார்ப்பதை எடுத்துவிட்டு ஆளுக்கொரு படம் வைத்தது பிடித்திருக்கிறதா? தாமரை, பசுமாடு, ஏரோப்ளேன் என்று ஆளாளுக்குப் பிடுங்கிக்கொண்டதில் கடைசியாக வந்த பொன்னுத்தங்கத்துக்குக் கத்தரிக்காய்தான் மிச்சம். மாற்றித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள்.

மற்றவர்களுக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதால் எழுதிவிடுகிறேன். தன் படத்தைத் தொட்டு, போகிற ரூமைத் தொட்டால் படம் அந்த ரூமின் ஒரு கட்டத்தில் போய் உட்காரும். விதிப்படி ஒரு ரூமுக்கு நாலு பேர், அதனால் நாலு கட்டம். நிறைந்தபின் ஐந்தாவது ஆள் தொட்டால் படம் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வரும். மூன்று தடவை திரும்பினால் கண்காணி தன் அட்டையை வைத்து வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். எல்லோரும் கேட்டபடி சாப்பிடுகிற வேப்பமரத்தையும் வரைந்துவிட்டேன். மரத்தடிக்கு எண்ணிக்கை கிடையாது.

கம்பெனியைச் சோதனை போடுகிற அதிகாரிக்கும் முதலாளிக்கும் போனில் தெரிவது வேறு. அவர்களுக்குப் படம் இல்லை, எந்த ரூமில் எத்தனை பேர் என்று எண்கள் மட்டும்.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

அழகுமீனா


தாயில்பட்டி
9.6.25

பிரியமுள்ள மீனாவுக்கு,

நலமாயிருக்கிறோம். வெயில் மட்டும் நலமாக இல்லை. உனக்கு அங்கே மழையாமே, நனையாதே.

படம் எல்லோருக்கும் பழகிவிட்டது. பேர் எழுதத் தெரியாதவளும் வந்ததும் தொட்டுவிட்டுப் போகிறாள். நீ வரைந்ததைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருக்கிறது. புகழக்கூடாது என்று நீ சொல்லவில்லை.

ஒரு சங்கடம். தீபாவளி ஆர்டர் ஆரம்பித்துவிட்டது. பதினோராம் ரூமில் பேன்சி வெடிக்கு மருந்து செலுத்துகிறார்கள், நாலு பேரால் லோடு முடியவில்லை. ஐந்து பேர் உட்காருகிறார்கள். உனக்குத் தெரியாததா, சீசனில் எங்கேயும் அப்படித்தான். பொன்னுத்தங்கம் வருகிற வேன் கடைசி வேன். அவள் வரும்போது நாலு கட்டமும் நிறைந்திருக்கும். அவள் படம் மூன்று தடவை தலையாட்டிவிட்டு வரும். பின்னால் வரிசை நிற்கும். போர்மேன் உக்கிரபாண்டி என்னைச் சத்தம் போடுவார்.

ஐந்தாவதாக ஒரு கட்டம் வரைந்துவிடேன். சின்னதாக இருந்தாலும் போதும்.

வீரலட்சுமி


பெங்களூரு
20.6.25

அன்புள்ள மதினிக்கு,

சுகம். வெயிலில் மோர் குடியுங்கள்.

ஐந்தாவது கட்டத்தைப் பற்றிக் கேட்டேன். முதலாளி முடியாது என்கிறார். ஐந்து கட்டம் வரைந்தால் அதிகாரி போனில் ஐந்து என்று வரும், லைசென்ஸ் போய்விடும். எங்கள் அலுவலகத்திலும் அதையேதான் சொன்னார்கள். விதியில் இல்லாததைத் திரையில் வரையக்கூடாதாம்.

ஐந்து பேரை உட்காரவைக்காதீர்கள் என்று எழுதத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். அது உங்கள் கையில் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால் வரிசை நிற்கிற பிரச்சினையை மட்டும் யோசிக்கிறேன்.

அழகுமீனா


தாயில்பட்டி
6.7.25

பிரியமுள்ள மீனாவுக்கு,

எல்லோரும் சுகம். சின்னவனுக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது, பயப்படாதே.

நீ யோசிக்க வேண்டாம், நாங்களே வழி கண்டுபிடித்துவிட்டோம். ஐந்தாவது ஆளின் படத்தை நான் அட்டை வைத்து மரத்தடிக்குத் தள்ளிவிடுகிறேன். மரத்துக்குத்தான் எண்ணிக்கை இல்லையே. ஆள் ரூமுக்குப் போய்விடுவாள், படம் நிழலில் இருக்கும். வரிசை இல்லை, சத்தம் இல்லை. மற்ற ரூமுக்கும் இதே வழிதான். மரத்தடியில் இப்போது எப்போதும் ஏழெட்டுப் படம் உட்கார்ந்திருக்கிறது. முதலாளி போனில் எல்லா ரூமுக்கும் நாலு, நாலு, நாலு.

பொன்னுத்தங்கம், "எனக்கு மட்டும் காலைலயிருந்து ரெஸ்ட்டுக்கா" என்கிறாள்.

எப்படி உன் மதினி?

வீரலட்சுமி


பெங்களூரு
14.7.25

அன்புள்ள மதினிக்கு,

சின்னவன் தேறிவிட்டான் என்று அண்ணனும் சொன்னார். சந்தோஷம்.

மரத்தடியைப் படித்ததும் அலுவலகத்திலேயே சிரித்துவிட்டேன். மூன்று மாத அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. பயன்படுத்துவோர் தாங்களே மாற்று வழி கண்டுகொண்டார்கள், காலை வரிசையில் தடங்கல் பத்தில் ஒன்றாகக் குறைந்தது என்று எழுதினேன். மேலாளர் பாராட்டினார். அடுத்ததாகச் சாத்தூரில் இரண்டு கம்பெனிகளுக்கு இதே திரை போகிறது. பாராட்டில் பாதி உங்களுக்கு.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அழகுமீனா


பெங்களூரு
20.9.25

அன்புள்ள மதினிக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக் கை வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். காதில் இரைச்சல் குறைந்ததா? கைக்காயத்துக்குக் கட்டு மாற்றுகிறார்களா?

ஆகஸ்டு இருபத்தொன்றாம் தேதி நடந்ததற்குப் பிறகு வந்து இரண்டு நாள் உங்களோடு இருந்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தீர்கள். பதினோராம் ரூம் இருந்த இடத்தை அண்ணன் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. அழவேண்டும் என்று நினைத்தேன், அழுகை வரவில்லை.

விசாரணைக்குத் திரைப் பதிவு கேட்டார்கள். வெடித்த நேரத்தில், காலை பத்து இருபதுக்கு, யார் யார் எங்கே இருந்தார்கள் என்ற ஒரு பக்கத்தைத்தான் கேட்டார்கள். அதை எடுத்துக் கொடுத்தோம். பதினோராம் ரூமில் நாலு பேர், மரத்தடியில் எட்டுப் பேர்.

உங்களுக்கு ஏதாவது எழுத வேண்டும் என்று தோன்றினால் எழுதுங்கள். தோன்றாவிட்டால் வேண்டாம். நான் எதுவும் கேட்கமாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

அழகுமீனா


தாயில்பட்டி
12.10.25

மீனாவுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. காது ஒரு பக்கம் கேட்கிறது. கட்டு அவிழ்த்துவிட்டார்கள். உன் அண்ணன் தோட்டத்துக்குப் போய்வருகிறார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

கம்பெனி பூட்டியிருக்கிறது. முதலாளி ஜாமீனில் வந்துவிட்டார். உக்கிரபாண்டி இன்னும் உள்ளே. என் போனைப் போலீசார் வாங்கிப் போனார்கள், திரும்பத் தரவில்லை. அது இல்லாததும் ஒருவகையில் நிம்மதிதான்.

காலையில் எழுந்து வாசல் தெளிக்கிறேன், சோறு பொங்குகிறேன். முகம் கழுவும்போது கழுவிக்கொண்டே இருக்கிறேனாம், பெரியவள் வந்து குழாயை மூடுகிறாள். துக்கம் என்று சொல்ல முடியவில்லை. எதுவுமே இல்லை. ஊசி போட்ட இடம் மாதிரி மரத்துக் கிடக்கிறது.

நாலு பேருக்கு நாலு மூட்டை என்று ஆஸ்பத்திரியில் பிரித்துக் கொடுத்து, நாலு பேரையும் அடக்கம் செய்தாயிற்று. பொன்னுத்தங்கம் காணாமல் போனவர் என்று பாலம்மாளிடம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். வெடிக்கும்போது வெளியே மரத்தடியில் இருந்தவள், பயந்து எங்கேயோ போய்விட்டாள் என்று அதிகாரி சொன்னாராம். ஊரில் அதற்குக் கை கால் வைத்துவிட்டார்கள். வேன் டிரைவரோடு திருப்பூருக்கு ஓடிவிட்டாள் என்கிறார்கள். டிரைவர் சாத்தூரில்தான் இருக்கிறான். ஆனாலும் சொல்கிறார்கள்.

பாலம்மாள் தினமும் காலையில் கம்பெனி கேட்டில் வந்து நிற்கிறாள். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

தீபாவளிக்கு நீ வர வேண்டாம். நாங்கள் கொண்டாடவில்லை.

வீரலட்சுமி


தாயில்பட்டி
17.11.25

மீனாவுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நான் இருக்கிறேன்.

உன் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அன்றைக்கு வழக்கம்போல் பொன்னுத்தங்கம் கடைசியாக வந்தாள். பதினோராம் ரூம் நிறைந்திருந்தது. அவள் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். நான் அட்டையை வைத்து அவள் படத்தை மரத்தடிக்குத் தள்ளினேன். அவள் சிரித்துக்கொண்டு, "எக்கா, இன்னைக்கு நெசமாவே மரத்தடியிலயே இருந்துக்கிடட்டுமா, தலய வலிக்கு" என்றாள். நான், "போட்டீ, லோடு நிக்கு, உள்ள போய் உக்காரு" என்றேன். அவள் போனாள். ரூமுக்குள் போய் உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

வெடித்த மூன்றாம் நாள் முதலாளி வீட்டு ஆள் வந்து, விதி நாலு, நீயும் நாலென்றே சொல் என்றான். நான் சொன்னேன். ஐந்தென்றால் அட்டை வைத்தது யார் என்ற கேள்வி வரும். எனக்குப் பிள்ளைகள் இருக்கின்றன. இதை நியாயம் என்று எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

போன திங்கட்கிழமை பாலம்மாள் என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். "வீரலட்சுமி, அவ உன்கிட்டயாவது சொல்லிட்டுப் போனாளா, எங்கன போறேன்னு" என்று கேட்டாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள்.

மறுநாள் அவளைக் கூட்டிக்கொண்டு விருதுநகருக்குப் போய் அதிகாரியிடம் சொன்னேன். அவர் உன் திரைப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டார். "இதுல மரத்தடின்னு இருக்கேம்மா. மிஷின் பொய் சொல்லுமா? நீங்க எதுக்கு இப்ப வந்து மாத்திச் சொல்றீங்க" என்றார். நான் பார்த்தேன் என்றேன். பார்த்ததற்கு அத்தாட்சி கேட்டார். மூன்று மாதமாக நாலென்று சொன்னவள் வாயை யார் நம்புவார்கள்?

படம் எத்தனை தடவை திரும்பி வந்தது என்று உங்கள் பெட்டியில் இருக்கும் என்று முன்பு ஒருமுறை சொன்னாய். அவள் தொட்டதும் நான் தள்ளியதும் அதில் இருக்கும். அதை அனுப்பு. என் பேர் வருமே என்று பார்க்காதே. ஐந்தாவது ஆள் இருந்தாள் என்று தெரிந்தால் அந்த மூட்டைகளைப் பற்றிய விசாரணையைத் திரும்ப எடுக்கலாமாம். பாலம்மாளிடம் இரத்தம் எடுத்து, மூட்டையில் இருந்ததோடு ஒத்துப் பார்க்கலாமாம்.

சீக்கிரம் அனுப்பு.

வீரலட்சுமி


பெங்களூரு
23.11.25

மதினிக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. நான் சுகம் என்று எழுதினால் அது பொய்.

திரும்பி வந்த தொடுதல்களைத் தொண்ணூறு நாள் வைத்திருந்து அழித்துவிடுவது எங்கள் ஏற்பாடு. யார் எவ்வளவு தடுமாறினார்கள் என்பதை வைத்து ஒரு தொழிலாளியையும் யாரும் குறை சொல்லக்கூடாது என்று நான்தான் அந்த விதியை எழுதினேன். பத்தொன்பதாம் தேதியோடு தொண்ணூறு நாள் முடிந்துவிட்டது. அது இப்போது இல்லை.

அழிந்தது தெரியாமல் நடக்கவில்லை. ஆகஸ்டு இருபத்து நாலாம் தேதியே அதைத் திறந்து பார்த்தேன். எட்டு நாற்பத்தொன்றுக்குப் பொன்னுத்தங்கம் பதினோராம் ரூமைத் தொட்டிருக்கிறாள், இடமில்லை. அதே நிமிடத்தில் இன்னொரு தடவை, இடமில்லை. எட்டு நாற்பத்திரண்டுக்கு மூன்றாம் தடவை. எட்டு நாற்பத்து மூன்றுக்குக் கண்காணி அட்டை, மரத்தடி. அட்டை எண் உங்களுடையது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

எடுத்து வைத்திருக்கலாம். ஒரு நிமிட வேலை. வைத்தால் கொடுக்க வேண்டிவரும், கொடுத்தால் உங்களைக் கூட்டிப் போவார்கள். விசாரணையில் அதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தினமும் மதியம் சாப்பிட்டதும் திறந்து பார்த்து எத்தனை நாள் பாக்கி என்று எண்ணினேன். பாலம்மாள் கேட்டில் நிற்கிறாள் என்று நீங்கள் எழுதிய பிறகும் எண்ணினேன். உங்களைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். ஐந்தாவது கட்டத்தை நீங்கள் கேட்டதும் நான் வரையாததும், மரத்தடியைப் பற்றி எழுதிப் பாராட்டு வாங்கியதும் அதோடு சேர்ந்து மறந்துபோகும் என்றும் நினைத்தேன். பத்தொன்பதாம் தேதி திறந்தபோது காலியாக இருந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மூன்று மணிக்கு ஒரு கூட்டம் இருந்தது, அதற்குப் போனேன்.

என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். செய்கிறேன்.

அழகுமீனா


தாயில்பட்டி
2.12.25

மீனாவுக்கு,

எல்லோரும் இருக்கிறோம். உன் அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். அவர் இரண்டு நாளாகத் தோட்டத்திலேயே கிடக்கிறார், சாப்பிட மட்டும் வருகிறார்.

உன் கடிதம் வந்தபோது பாலம்மாள் இங்கேதான் இருந்தாள். இப்போது கேட்டுக்குப் போவதில்லை, காலையில் இங்கே வந்துவிடுகிறாள். மீனா என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டாள். மறைக்கவில்லை, முழுவதும் வாசித்தேன். நீ நாள் எண்ணியதையும் வாசித்தேன்.

எட்டு நாற்பத்தொன்று வந்ததும், "அந்த எடத்த இன்னொருக்கப் படி" என்றாள். படித்தேன். மூன்று விரலை நீட்டி, "மூணு தடவ கேட்ருக்கா, உள்ள போகணும்னு. ஓடிப்போறவ கேப்பாளா" என்றாள். திரும்பவும் படிக்கச் சொன்னாள். ஐந்து தடவை படித்திருப்பேன்.

பிறகு கடிதத்தை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அதிகாரியிடம் காட்ட வேண்டும், கொடு என்றேன். தரமாட்டேன் என்கிறாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. தெருவில் ஓடிவிட்டாள் என்று சொன்ன ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்து வாசிக்கச் சொல்கிறாள். பதினோரு வீடு ஆகிவிட்டது, இன்னும் இருக்கிறது.

அதனால் நீ வா. அதிகாரிக்கு வேறொன்று எழுதிக் கொடு.

வீரலட்சுமி